அவர் இல்லாமல் வென்ற கோப்பைகள்

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செத்துப்போன மனிதரைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வது நம் வழக்கம். அந்தச் சலுகையை அவருக்குத் தர எனக்கு மனமில்லை. 'அவன்' என்று எழுதத்தான் ஆசை. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர் என்பதால் கை வரமாட்டேன் என்கிறது.

உலகக் கண்காட்சி முடிந்த அடுத்த வருடம், அதாவது அறுபத்தெட்டில், குளிர்காலத்தின் நடுவில், திருச்சியிலிருந்து மான்ட்ரியலுக்கு வந்து சேர்ந்தேன். வால்வுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. மாடியில் டிராயிங் ஆபீஸ், அங்கே நான். கீழே டூல் ரூம், அதாவது மற்ற மெஷின்களுக்கு வேண்டிய அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் செய்து கொடுக்கும் பட்டறை. அதற்கு அவர் ஃபோர்மன். ஜெர்மன்காரர், குட்டையான ஆள், கழுத்தே கிடையாது, தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். நடக்கும்போது இரண்டு பாதமும் கொஞ்சம் உள்பக்கம் திரும்பும். ஒரு காலத்தில் அவர் நாட்டில் பெரிய ஃபுட்பால் ஆட்டக்காரர் என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே என்னிடம் மூன்று பேர் சொன்னார்கள். நான்காவதாக அவரே சொன்னார்.

நான் வரைந்த டிராயிங் கீழே போகும். ஒரு மணி நேரத்தில் சிவப்புப் பென்சில் வட்டத்தோடு திரும்பி வரும். ஆள் மூலம் அனுப்பமாட்டார், அவரே படியேறி வருவார். எல்லோர் முன்னாலும் என் மேஜையில் விரித்து, வட்டத்தின் மேல் விரலால் தட்டுவார். "புரஃபசர், இந்தத் துளையை எப்படிப் போடுவது? நான் வால்வுக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டு போடவா?" என்பார். அவர் பேசியது ஆங்கிலம். தமிழில் எழுதும்போது அதற்கு ஒரு நாகரிகம் வந்துவிடுகிறது. நேரில் கேட்டால் கல்லை அரைப்பது போல இருக்கும். அவர் சொன்னதும் பத்துக்கு ஒன்பது தடவை சரியாகவே இருக்கும். தப்பாக இருந்திருந்தால் அவரை என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

மதியச் சாப்பாட்டுக்குக் கேன்டீனில் நீள மேஜை ஒன்று உண்டு. மாடி ஆட்களும் பட்டறை ஆட்களும் அதில்தான் கலந்து உட்கார வேண்டும். என் தயிர்சாத டப்பாவை எட்டிப் பார்த்து, "பல் முளைத்த பிறகு என்ன சாப்பிடுவாய்?" என்று கேட்பார். மேஜை சிரிக்கும். பிறகு சூப்பை உறிஞ்சிக்கொண்டே தன் கதையை ஆரம்பிப்பார். அரை மணி நேர இடைவேளையில் இருபது நிமிடம் அவருடையது. பத்து வருடத்துக்கு மேல், வேலை நாள் தவறாமல் கேட்டேன். என் சொந்தச் சித்தப்பா எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். இவருடைய வாழ்க்கையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நிலக்கரி ஊர். அப்பா சுரங்கத்தில். இவரும் பதினாலு வயதில் சுரங்கத்தில். பதினேழு வயதில் ஊர் அணியில் லெஃப்ட் ஹாஃப், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். அதற்கப்புறம் போர். போரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் "பிறகு போர்" என்ற இரண்டு வார்த்தைதான். அதைச் சொல்லும்போது ரொட்டியைப் பிய்ப்பார், அடுத்த வார்த்தைக்குள் போர் முடிந்துவிடும். கைதி முகாமிலிருந்து இருபத்திரண்டு வயதில் எலும்பும் தோலுமாகத் திரும்பினார். ஊரில் பாதி இல்லை. மைதானம் இருந்தது. அந்த நாட்களில் கிராமங்களுக்குப் போய் ஆடினால் சம்பளம் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, நன்றாக ஆடினால் மேலே ஒரு துண்டு பன்றிக் கொழுப்பு. அணி முழுக்க ஒரு லாரியில் உருளைக்கிழங்கு மூட்டைகள் மேல் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டு வருவார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் பார்க்கச் சகிக்கும்.

பிறகு அணி பெரிய லீகுக்கு ஏறியது. சுரங்கத்தில் அவருக்கு மேல்தளத்தில் இலேசான வேலை கொடுத்தார்கள். சனிக்கிழமைகளில் அரங்கம் நிரம்பி, ஆட்கள் விளக்குக் கம்பங்களில் தொற்றிக்கொண்டு பார்ப்பார்களாம். எதிரணியின் சிறந்த ஆட்டக்காரன் யாரோ அவனை ஆடவிடாமல் செய்வது இவர் வேலை. "நான் கோல் போட்டதில்லை. கோல் போட வந்தவன் போடாமல் வீட்டுக்குப் போனான். அதுதான் என் தொழில்" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் என் மேஜையையும் சிவப்புப் பென்சிலையும் நினைத்துக்கொள்வேன். மனிதர் தொழிலை மாற்றவே இல்லை.

ஐம்பத்து நாலில் உலகக் கோப்பைக்கு முன்னால் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு அவரை அழைத்தார்கள். ஒன்பது நாள் இருந்தார். பத்தாம் நாள் காலை, பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஏன் என்பதற்கு அவர் வாயிலிருந்தே மூன்று காரணங்கள் கேட்டிருக்கிறேன். ஒரு வருடம் முழங்கால் வீக்கம். ஒரு வருடம் பயிற்சியாளருக்குச் சுரங்கத்து ஆட்களைக் கண்டால் ஆகாது. இன்னொரு வருடம், முகாமில் எல்லோருக்கும் செல்லமான ஒருவனை இவர் ஓர் இடி இடித்தது. மூன்றில் எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இறுதி ஆட்டத்தன்று சுரங்கத்துக் குளியல் கூடத்தில் கரி முகத்தோடு நின்று ரேடியோ கேட்டாராம். கடைசி விசில் ஊதியதும் ஐம்பது பேரும் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள், இவரை மட்டும் ஒருவரும் கட்டிப்பிடிக்கவில்லை. எப்படிக் கட்டிப்பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஜெயித்த பதினோரு பேர் படமும் ஊரில் எல்லாக் கடையிலும் மாட்டியிருந்தது, சவரம் செய்துகொள்ளக்கூட அடுத்த ஊருக்குப் போனேன் என்றார். அடுத்த வருடம் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஊருக்குத் திரும்பியதே இல்லை.

இங்கே வந்தும் ஜெர்மன்காரர்களின் சங்க அணியில் பத்து வருடம் ஆடியிருக்கிறார். பார்க்க இருநூறு பேர் வந்தால் அதிகம். அதுவும் முடிந்த பிறகு எங்கள் தொழிற்சாலை அணிக்குப் பயிற்சியாளர் ஆனார்.

அந்த அணியில் நான் எப்படி மாட்டினேன் என்றால், என் வாயால்தான். கல்லூரியில் நான் வலது ஓரத்தில், ரைட் அவுட் ஆடியவன் என்று கேன்டீனில் ஒருநாள் சொல்லிவிட்டேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சனிக்கிழமை வா" என்றார். பயிற்சி நடக்கும் பூங்கா மைதானம் வில்லரே பகுதியில் இருந்த என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. போனேன். நன்றாகவும் ஓடினேன். அன்றிலிருந்து நாலைந்து வருடம் என்னை அவர் விடவுமில்லை, ஆடவிடவுமில்லை. ஆள் குறைந்தால் கூப்பிடுவார். ஆள் சேர்ந்ததும் வெளியே இழுப்பார். "டிராயிங் போட்டுக்கொண்டு ஓடாதே" என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவார். ஆனாலும் போய்க்கொண்டே இருந்தேன். எனக்கு ஃபுட்பால் பிடிக்கும், வேறென்ன சொல்ல.

எழுபத்து மூன்றாம் வருட சீசனின் கடைசி ஆட்டத்துக்கு என் மனைவியையும் நாலு வயது மகளையும் அழைத்துப் போனேன். அன்று ஆரம்பத்திலேயே ஆட வேண்டியவர்கள் பட்டியலில் என்னைப் போட்டிருந்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவை. அதனால்தான் அழைத்துப் போனேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும், மழை தூற ஆரம்பித்தது. அவர் கையைத் தூக்கி என்னை வெளியே கூப்பிட்டார். காயமில்லை, தப்பும் செய்யவில்லை. பந்து இன்னும் என் பக்கமே வரவில்லை. "புரஃபசர், கோட்டுகள் நனைகின்றன, பிடி" என்றார். பதினோரு பேரின் கோட்டையும் வாரி என் இரண்டு கைகளிலும் ஏற்றிவிட்டு, எனக்குப் பதிலாக ஒரு வெல்டரை அனுப்பினார். ஆட்டம் முடியும்வரை நின்றேன். எனக்கு எதிரே, மைதானத்தின் அந்தப் பக்கத்தில், குடைக்குக் கீழே மனைவியும் மகளும்.

திரும்பும்போது மகள், "அப்பா கோட்டுக் கடை வெச்சிருக்காரா?" என்று கேட்டாள். என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "ஏங்க, கோட் ஸ்டாண்டு வேலைக்கா இஞ்சினியரிங் படிச்சுட்டு இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்றாள். அவள் கேலி செய்யாத நாள் கிடையாது, வேறொரு நாளாயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று வீட்டு மாடிப்படியில் ஏறும்போது இரும்புக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த மனிதரை ஒருநாள் கீழே தள்ளாமல் விடுவதில்லை என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய பழைய ஊரிலிருந்து, பழைய அணியிலிருந்து. வரும் கோடையில் உலகக் கோப்பை அவர்கள் நாட்டிலேயே நடக்கிறது. அதையொட்டி ஊரில் திருவிழா போல ஒன்று ஏற்பாடு செய்கிறார்கள். பழைய வீரர்கள் எல்லோரும் கூடி, ஒரு பாதிக்கு அரை மணி நேரம் என்று, அதே மைதானத்தில் ஓர் ஆட்டம் ஆடுவார்கள். லெஃப்ட் ஹாஃப் இடம் உனக்குத்தான், வந்து சேர். கடிதத்தை அவர் கேன்டீன் மேஜையில் ஒவ்வொருவருக்கும் காட்டினார். ஜெர்மன் தெரியாதவர்களுக்கும் காட்டினார், அதாவது எல்லோருக்கும். என்னிடமும் நீட்டினார். 'லெஃப்ட் ஹாஃப்' என்ற இடத்தின் கீழ் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

அதன் பிறகு மனிதர் மாறிப்போனார். அவர் வீடு இல்-பிசார் தீவில். உறைந்த ஆற்றங்கரையில் தினமும் காலை ஓடிவிட்டு வேலைக்கு வருவார், புருவத்தில் பனி உருகிச் சொட்டும். பீரை நிறுத்தினார். கேன்டீனில் ரொட்டியைப் பாதியாக்கினார். ஐம்பது வயதில் தொப்பை கரைந்து, முகத்தில் எலும்பு தெரிய ஆரம்பித்தது. முக்கியமாக, சிவப்புப் பென்சிலோடு மாடிக்கு ஏறுவது நின்றது. தப்பு இருந்தால் டிராயிங்கை ஆள் மூலம் அனுப்பினார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, எரிச்சல்தான் அதிகமானது. என்னை இப்படி ஆக்கிவிட்டு அவர் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தார், அது எனக்குப் பொறுக்கவில்லை.

மே மாதம் பயிற்சி தொடங்கியது. மைதானம் இன்னும் சொதசொதவென்று இருந்தது. அந்த வருடம் அவர் வெளியே நின்று கத்தவில்லை, உள்ளே இறங்கி எங்களோடு ஆடினார். இரண்டாவது சனிக்கிழமை எனக்கு எதிர்ப் பக்கத்தில் இருந்தார். இடது கோட்டின் அருகில் பந்து அவரிடம் வந்தது. நான் ஓடி வந்தேன். அவர் பந்தை நிறுத்தி, தலையை நிமிர்த்தாமலே நடுவிலிருந்தவனுக்குத் தட்டிவிட்டார். பந்து போய்விட்டது. போய்விட்டது என்று எனக்குத் தெரியும். நிற்க இடமிருந்தது, விலகவும் இடமிருந்தது. நான் உதைத்தேன். அவருடைய இடது காலை, முழங்காலுக்கு ஒரு சாண் கீழே, என் பலம் முழுவதையும் வைத்து உதைத்தேன்.

காய்ந்த விறகை ஒடிப்பது போலச் சத்தம் கேட்டது. அவர் விழுந்தார். அதே நொடியில் என் வலது கை தானாகக் கீழே போய், அவர் காலைத் தொட்டு, என் இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டது.

நாம் எல்லோரும் செய்வதுதான். பஸ்ஸில் யார் மேலாவது கால் பட்டால் செய்கிறோம். புத்தகத்தை மிதித்துவிட்டால் செய்கிறோம். யோசித்துச் செய்வதில்லை, மூன்று வயதில் கைக்குள் போன பழக்கம். கால் செய்த காரியம் கைக்குத் தெரியவில்லை. கொலை செய்யப் போனவன் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது மாதிரி ஆயிற்று. ஆனால் அங்கே நின்ற இருபது பேரில் அது என்னவென்று தெரிந்தவன் ஒருவன்கூட இல்லை. எங்கள் கோல் கீப்பர் கியூபெக்காரன், லேத்தில் வேலை செய்பவன், மலை மாதிரி ஆள். அவன் தன் தொப்பியைக் கழற்றிவிட்டான். ஓர் இந்தியன் விழுந்து கிடக்கும் வீரனின் காலைத் தொட்டுக் கண்ணில் வைத்துக்கொள்கிறான். மாதாகோவிலில் அவர்கள் செய்வதைப் போல ஏதோ ஒன்று என்று அவன் எடுத்துக்கொண்டான்.

எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. இடுப்புவரை மாவுக்கட்டு. திங்கட்கிழமை காலைக்குள் தொழிற்சாலை முழுக்கக் கதை பரவிவிட்டது. விபத்து என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அவ்வளவு மரியாதை வைத்திருக்கிறவன் வேண்டுமென்று செய்வானா? மானேஜர் மாடிக்கு வந்து என் தோளைத் தட்டி, மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே என்றார். கேன்டீனில் கோல் கீப்பர் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, அந்தக் கை அசைவை மற்றவர்களுக்குச் செய்து காட்டச் சொன்னான். செய்து காட்டினேன். அன்று தயிர்சாதம் இறங்கவில்லை.

பயண ஏற்பாட்டையெல்லாம் ரத்து செய்துவிட்டார். கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டாவது போய், உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாமே என்று கோல் கீப்பர் கேட்டிருக்கிறான். "மடியில் போர்வையைப் போட்டுக்கொண்டு அவர்களுக்குக் கை தட்டவா?" என்று கேட்டு அவனைத் துரத்திவிட்டாராம். ஜூன் போயிற்று. பழைய வீரர்கள் ஆட்டம் அவர் இல்லாமல் நடந்து முடிந்தது. ஜூலையில் உலகக் கோப்பையை மறுபடியும் அவர் நாடு ஜெயித்தது. இருபது வருடம் கழித்து இரண்டாவது தடவையும் அவர் இல்லாமலேயே ஜெயித்துவிட்டார்கள் என்று கேன்டீனில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அன்று மாலை மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் மகளின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணும்னுதான் உதைச்சேன்."

"யாரை?"

"அவரை. பந்து அங்க இல்லவே இல்ல."

மடிப்பதை நிறுத்தினாள். "எதுக்கு?"

"அந்தக் கோட்டுக்கு."

"நான் சிரிச்சதுக்கா?" என்றாள். "அந்த மனுஷன் இருபது வருஷமா அதையே நெனச்சுக்கிட்டு இருக்கார்னு தினம் வந்து அலுத்துக்குவீங்களே. ஒரே ஒரு தடவ அங்க போய் நிக்கப் போனார். அதையும் கெடுத்தாச்சா?" என்றாள். பிறகு சட்டையை எடுத்துக்கொண்டு, "போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம இந்த வீட்ல உக்காந்து சாப்பிட முடியாது உங்களால" என்றாள்.

அவள் சொன்னதற்காக மட்டும் போகவில்லை. நல்லவன் என்ற பெயரைத் தூக்கிக்கொண்டு அலைவது எனக்கு அலுத்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. உன்னை வேண்டுமென்றுதான் உதைத்தேன், தெரிந்துகொள் என்று அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. அதுவே மன்னிப்புக் கேட்பது ஆகிவிடாது என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இல்-பிசாருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, மூன்றாவதுக்கு ஒரு மணி நேரம் நின்று, கடைசியில் நடந்தேன். தனித்தனி வீடுகள், தெருவில் ஒரு மனிதர் கிடையாது, வெயில். கதவு திறந்தே இருந்தது. அவர் மனைவி படகேறி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவலில் இருந்த தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். இவர் சமையலறையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, மாவுக்கட்டுப் போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தார். கரைந்த தொப்பை திரும்பி வந்துவிட்டது. மேஜையில் பீர் பாட்டில்.

"என்ன வேண்டும்?" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

நான் நின்றபடியே சொன்னேன். பஸ்ஸில் மூன்று மணி நேரம் வார்த்தை வார்த்தையாகக் கட்டி வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒரு வரிதான். "அது விபத்து இல்லை. வேண்டுமென்றுதான் உதைத்தேன்."

அவர் முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. பீரை ஒரு வாய் குடித்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"முப்பது வருஷம் என் வேலையே அதுதான். என்னை உதைக்க வருகிறவனை அவன் தோளைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். உன் தோளைப் பார்த்தேன். நீ ஆறடி தள்ளி இருக்கும்போதே தெரிந்துவிட்டது."

"பின்னே ஏன் விலகவில்லை?"

இதைக் கேட்டிருக்கக் கூடாது. அவர் பாட்டிலைக் கீழே வைத்தார். மாவுக்கட்டைப் பார்த்தார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"விலகு என்று காலிடம் சொன்னேன். கால் விலகவில்லை."

வெளியே யாரோ புல் வெட்டும் மெஷினை இழுத்து இழுத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை. குளிர்காலம் முழுக்க ஓடி, தொப்பையைக் கரைத்து, பீரை விட்டு, கடைசியில் கேவலம் ஒரு டிராயிங் ஆபீஸ் ஆளின் உதையிலிருந்து எடுக்க முடியாத கால் அது. அந்தக் காலோடுதான் அவர் ஊருக்குப் போக இருந்தார். அது அவருக்கும் தெரிந்துவிட்டது, இப்போது எனக்கும் தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த நிமிடம் அவர் பழைய ஆளாகிவிட்டார்.

"யாரிடமாவது சொன்னாயா?"

"மனைவியிடம்."

"வேறு யாரிடமும் சொல்லாதே. நீ வேண்டுமென்று உதைத்தாய் என்றால், ஏன் வாங்கிக்கொண்டேன் என்று கேட்பார்கள். உன்னிடம் நான் உதை வாங்கினேன் என்றால் நான் ஆடிய ஆட்டமெல்லாம் என்ன ஆவது? அது விபத்து. ஈரப் புல். சொல்."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

"சொல், புரஃபசர்."

"விபத்து" என்றேன்.

"ஈரப் புல்."

"ஈரப் புல்."

"சரி. வெளியே போ."

பஸ் நிறுத்தம்வரை நடந்து வரும்போது எனக்கு அவர் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. முதுகில் சுமந்துகொண்டு போனதை இறக்கி வைக்கவிடாமல், மேலே இன்னொன்றையும் ஏற்றி அனுப்பிவிட்டாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் மனைவி, "சொல்லிட்டீங்களா?" என்றாள். சொல்லிவிட்டேன் என்றேன். "என்ன சொன்னார்?" என்றாள். "ஈரப் புல்லாம்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை, நான் விளக்கவுமில்லை.

இலையுதிர்காலத்தில் கைத்தடியோடு வேலைக்கு வந்தார். அதன் பிறகு பந்தைத் தொடவில்லை. சிவப்புப் பென்சிலோடு மறுபடி மாடிக்கு ஏற ஆரம்பித்தார், ஒரு படி ஒரு படியாக, நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு அந்தத் தடிச் சத்தத்தைக் கேட்போம். கேன்டீன் கதை மட்டும் நீண்டது. உருளைக்கிழங்கு, முகாம், குளியல் கூடம், கப்பல் எல்லாம் முடிந்த பிறகு இப்போது கடைசி அத்தியாயமாக நான் வந்தேன். ஈரப் புல்லில் வழுக்கி வந்து விழுந்த ஓர் அப்பாவி. அவன் அந்தக் காலின் அருமை தெரிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "இல்லையா, புரஃபசர்?" என்று என் பக்கம் திரும்புவார். ஆமாம் என்பேன். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும் இது நடக்கும். ஒவ்வொரு தடவையும் அவரை வெறுத்துக்கொண்டுதான் ஆமாம் சொன்னேன்.

அந்தக் கால் காரணமாக அவர் சீக்கிரமே ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால், எழுபதுகளின் கடைசியில், இத்தாலிக்காரர் ஒருவர் மில்லிங் பகுதியில் சேர்ந்தார். நாற்பது வயது, அவரும் தன் ஊரில் நன்றாக ஆடியவர். கதையைக் கடைசிவரை கேட்டார். பிறகு சிரிக்காமல் என்னைப் பார்த்து, "நானும் நிறையப் பேரை உதைத்திருக்கிறேன். ஈரப் புல்லில் வழுக்கினால் ஆள்தான் விழுவான், எலும்பு இரண்டு இடத்தில் முறியாது. உண்மையைச் சொல்லுங்கள், வேண்டுமென்றுதானே உதைத்தீர்கள்?" என்று கேட்டார்.

ஜெர்மன்காரரின் கரண்டி பாதி வழியில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, சூப்பையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கழுத்தில்லாத தலை இலேசாக ஆடியது. அவரைக் கீழே தள்ள வேண்டும் என்று நான் ஒரு காலத்தில் ஆசைப்பட்டேன் அல்லவா, இப்போது ஒரு வார்த்தை போதும்.

"இவரையா?" என்றேன். "நானா? எனக்கு முன்னால் எத்தனை பெரிய ஆட்டக்காரர்கள் முயற்சி செய்திருப்பார்கள். அவர்களால் முடியாதது என்னால் முடியுமா?"

இத்தாலிக்காரர் தோளைக் குலுக்கிக்கொண்டார். கரண்டி வாய்க்குப் போயிற்று. அவர் சூப்பை உறிஞ்சும் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்தது, வழக்கம்போலச் சகிக்க முடியாத சத்தம். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நானும் என் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன்.